சப்பாத்து போட்ட மயில்

கிள்ளான்
28.7.2025

அன்புள்ள அக்காவுக்கு, வாணி எழுதறேன்.

நானும் பிள்ளைங்க ரெண்டு பேரும் உயிரோட இருக்கோம். முதல்ல இதை எழுதிட்டுத்தான் மத்ததுன்னு தோணுச்சு. உனக்கு முட்டிவலி எப்படி இருக்கு? பழனியப்பன் மாமா சர்க்கரை மாத்திரையை ஒழுங்கா போடறாரா?

இந்தக் காலத்துல எவ கடுதாசி எழுதறான்னு நீ திட்டறது எனக்கு இங்க வரைக்கும் கேக்குது. போனைத் தலைமுழுகிட்டேன்க்கா. அவரு என் போன்ல என்னத்தையோ ஏத்தி வச்சிருந்தாரு. நான் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனாலும் தெரியும், உன் பூக்கடைக்கு வந்தாலும் தெரியும். அம்பாங் வீட்டை விட்டு வர்ற வழியிலயே போனைக் கால்வாயில போட்டுட்டேன்.

என்னை அடிச்சப்ப எல்லாம் பொறுத்துக்கிட்டேன், உனக்கே தெரியும். போலீஸ் ரிப்போர்ட் போட்டேன், அவரு அழுதாரு, நானே போய் வாபஸ் வாங்கினேன். ஆனா அன்னைக்கு குகனைக் கழுத்தைப் பிடிச்சு சுவத்துல வச்சாரு. ஆறு வயசுப் பிள்ளைக்கா. அவரு குளிக்கப் போன நேரத்துல லோகாவை இடுப்புல தூக்கிக்கிட்டு, குகன் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஓடி வந்துட்டேன். செருப்பு போடக்கூட நேரமில்லே. குகன் வெறுங்காலோட ஓடினான். கண்ணாடி குத்தி, மூணு தையல். இப்போ ஆறிப்போச்சு.

பின்னால இருக்கிற விலாசம் நான் வேலை செய்யற டோபிக் கடையோடது. முதலாளி தியோ ஆன்டி நல்ல மாதிரி, பிள்ளைங்களைக் கடையிலயே வச்சுக்க விடறாங்க. தங்கியிருக்கிற பிளாட் எது, எத்தனாவது மாடின்னு எழுத மாட்டேன். கோவிச்சுக்காதே. நீ வாயைத் திறக்காட்டியும் உன் மூஞ்சி காட்டிக் குடுத்துரும். கடைக்கு போன் போடாதே. அவரு உன் போனை வாங்கிப் பார்த்தாலும் பார்ப்பாரு. கடுதாசியைப் படிச்சதும் கிழிச்சுப் போட்டுரு.

உன் தங்கச்சி,
வாணி


பிரிக்பீல்ட்ஸ்
6.8.2025

அடி வாணி,

பன்னெண்டு நாள்! பன்னெண்டு நாளா நான் சோறு தின்னேனா தூங்கினேனான்னு உன் மாமாவைக் கேளு. மாலை கட்டறேன், கை பாட்டுக்குக் கட்டுது, கண்ணு ரோட்டைப் பார்க்குது. உன் கடுதாசியைப் பார்த்ததும் கடையில உக்காந்து ஓன்னு அழுதேன். பூ வாங்க வந்த அம்மா பயந்துபோய் வாங்காமலே போயிட்டாங்க.

நீ நல்லா இருக்கியா, சாப்பிடறியா, பிள்ளைங்களுக்கு சளி கிளி இல்லையே? எனக்கு முட்டி அப்படியேதான். மாமாவுக்கு சர்க்கரை கூடிப்போச்சு, கேட்டா எல்லாம் உன் கவலையாலதான்கிறாரு. ராத்திரி ரொட்டி சானாயைச் சீனியில தொட்டுத் தின்னது கணக்குல வராது போலிருக்கு.

உன் புருஷன் ஜெயராஜ் நீ போன மறுநாளே வந்து பூக்கூடையை எல்லாம் உதைச்சுத் தள்ளிட்டுப் போனாரு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னேன். அப்போ நிஜமாவே தெரியாது. இனிமே பொய் சொல்லணும். அது எனக்கு வராது, ஆனாலும் சொல்லுவேன். கடுதாசியைக் கிழிச்சு பூத்தண்டோட போட்டுட்டேன்.

என் குகனுக்குக் காலுல முத்தம். லோகா பாப்பாவுக்குக் கன்னத்துல.

அக்கா சீதாலெட்சுமி


கிள்ளான்
30.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். மாமாவைச் சீனி டப்பா பக்கம் விடாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

லோகாவுக்கு எந்தச் சத்தமும் ஆகலேக்கா. மேல் மாடியில யாராவது கதவைச் சாத்தினா காதைப் பொத்திக்கிட்டு மேசைக்கு அடியில போயிடறா. மூணு வயசுக்கு அவ தெரிஞ்சு வச்சிருக்கிறதைப் பாரு.

எதிர்க்கடையில அதுக்குள்ள தீபாவளி விளக்கு தொங்க விட்டுட்டான். அன்னைலேர்ந்து குகன் பிடுங்கி எடுக்கறான். "அம்மா, நமக்கு தீபாவளி உண்டா?" ஒரு நாளைக்குப் பத்து தடவை. உண்டுடான்னு சொல்லிட்டேன். எப்படின்னுதான் தெரியலே. வாடகையும் சோறும் போக ஒண்ணும் மிஞ்சலே. அதைவிடப் பெரிய கஷ்டம், வெளிய ஒண்ணும் செய்ய முடியாது. எங்க பிளாக்ல முக்கால்வாசி பங்களாதேஷ், இந்தோனேசியா ஆளுங்க. வாசல்ல ஒரு கோலம் விழுந்தா இங்க ஒரு தமிழ்க் குடும்பம் இருக்குன்னு ஊருக்கே போர்டு மாட்டின மாதிரி. யாராவது தேடி வந்தா நேரா அந்தக் கதவைத்தான் தட்டுவாங்க. அதனால வாசல்ல விளக்கு கிடையாது, தோரணம் கிடையாது, கோலம் கிடையவே கிடையாதுன்னு குகன்கிட்ட சொல்லிட்டேன்.

அவன் கேக்கறான், கோலம் போடலேன்னா தீபாவளிக்கு நம்ம வீடு எதுன்னு எப்படித் தெரியும்னு.

டோபிக் கடையில மிஞ்சற காகிதத்துல எல்லாம் மயில் வரையறான். நல்லாத்தான் வருது. ஆனா ஒவ்வொரு மயிலுக்கும் காலுல சப்பாத்து! லேஸ் கட்டின பள்ளிச் சப்பாத்து. "ஏன்டா, மயிலு சப்பாத்து போடுமா?"ன்னு கேட்டேன். "ஓடணும்லாம்மா. காலுல கண்ணாடி குத்தும்லா"ங்கறான். நான் திரும்பிக்கிட்டு துணி மடிக்கற மாதிரி நின்னேன்.

காசில்லாம, சத்தமில்லாம, கதவுக்கு உள்ளயே வச்சு ரெண்டு பிள்ளைங்களுக்கு ஒரு தீபாவளி. உனக்கு ஏதாவது தோணுதாக்கா? எனக்கு மூளையே ஓட மாட்டேங்குது. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து என்னத்தைக் குடுத்துட்டேன் நான்?

வாணி


பிரிக்பீல்ட்ஸ்
8.9.2025

அடி இவளே,

உயிரைக் குடுத்திருக்கே. அதுக்கு மேல என்ன குடுக்கணும்? கண்ணைத் தொடைச்சுக்கிட்டு படி. நாங்க சுகம்.

முதல்ல எண்ணெய். அதுக்கு யாரு கிட்டயும் கேக்க வேணாம். நல்லெண்ணெய் கொஞ்சம், ரெண்டு மிளகு, நாலு பச்சரிசி போட்டுக் காய்ச்சு. விடியறதுக்கு முன்னால எழுப்பு, பலகை இல்லேன்னா வாளியைக் கவுத்துப் போட்டு உக்கார வை. தலையில எண்ணெய் வச்சாச்சுன்னா பாதி தீபாவளி முடிஞ்சுது.

கோலத்துக்கு முட்டை ஓடு சேர்த்து வை. கழுவிக் காய வச்சு அம்மியில, அம்மி ஏது உனக்கு, போத்தலை உருட்டி நுணுக்கு. மஞ்சள்ல ஒரு பங்கு, பீட்ரூட் தண்ணியில ஒரு பங்கு, சங்குப்பூத் தண்ணியில ஒரு பங்கு. எங்க சங்குப்பூன்னு கேக்காதே, கிள்ளான்ல வேலிக்கு வேலி கிடக்கும். பச்சைக்குப் பாண்டான் இலை. குகனை ஒரு பெரிய தட்டுல போடச் சொல்லு, மயிலு சப்பாத்து போட்டா என்ன, சாக்ஸ் போட்டா என்ன, போடட்டும். தட்டு வீட்டுக்குள்ளதானே இருக்கப் போகுது.

விளக்குக்கு ஆரஞ்சுப் பழத்தைக் குறுக்கால வெட்டி, நடுவுல இருக்கிற வெள்ளைத் தண்டு போகாம சுளையை எடு. அந்தத் தண்டுதான் திரி. எண்ணெய் ஊத்திப் பத்த வச்சா வீடே மணக்கும். பால் டின்னுல ஆணியால ஓட்டை போட்டு உள்ள மெழுகுவத்தி வச்சா சுவரெல்லாம் நட்சத்திரம்தான். ஆணியை நீ அடி, லோகாவை தியோ ஆன்டிகிட்ட விட்டுட்டு அடி. பட்டாசுக்கு, வர்ணக் காகிதத்தைப் பொடிப்பொடியா கிழிச்சு தலைக்கு மேல வீசுங்க. சத்தமில்லே, புகையில்லே, கூட்டறதுதான் வேலை.

முறுக்கு வேணாம், அச்சு இல்லாம அவஸ்தைப்படுவே. நெய் உருண்டை பிடி. பயத்தம் மாவை வறுத்து, சீனி பொடி பண்ணிக் கலந்து, நெய்யைச் சூடா ஊத்தி லோகா கையில குடு. அவ உருட்டறது கோணலா இருந்தாலும் அதுதான் ருசி.

எல்லாம் நல்லபடி ஆகும். மனுஷங்க மாறாமலா போயிடுவாங்க. ஜெயராஜும் எலும்பும் தோலுமா ஆயிட்டாரு, பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு.

பிள்ளைங்களுக்கு என் முத்தம்.

அக்கா


கிள்ளான்
15.9.2025

அக்கா,

அவரு எலும்பும் தோலுமா இருக்கிறது உனக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவை வந்து கூடையை உதைச்சதுதானே சொன்னே. மறுபடி வந்தாரா? எத்தனை தடவை? நீ பேசறியா அவருகிட்ட?

எனக்கு உடனே எழுது. உடம்பைப் பத்தி எல்லாம் அப்புறம் எழுதிக்கலாம்.

வாணி


பிரிக்பீல்ட்ஸ்
1.10.2025

அன்புத் தங்கச்சிக்கு,

எழுத லேட்டாயிருச்சு. நவராத்திரி, கோயிலுக்கு மாலை, கை ஒழியலே. நாங்க சௌக்கியம். நீங்க சௌக்கியமா?

அவரை ரோட்டுல பார்த்தேன், அவ்வளவுதான். நீ சும்மா மனசைப் போட்டு உழப்பிக்காதே.

இதோட ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கேன். முறுக்கு, அச்சுமுறுக்கு, குகனுக்குப் பச்சைக் கலர்ல ஜிப்பா, லோகாவுக்குப் பட்டுப் பாவாடை. நான் எடுத்தது. நாலு மூலைக்கும் மஞ்சள் வச்சிருக்கேன். தீபாவளி அன்னைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சதும் கட்டி விடு. புதுத்துணி இல்லாம பிள்ளைங்க நிக்கக் கூடாது.

அக்கா


கிள்ளான்
12.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொட்டலம் வந்துச்சு. போன தடவை நான் எழுதினது கொஞ்சம் காரமா இருந்திருக்கும், மனசுல வச்சுக்காதே. இந்த உலகத்துல எனக்கு நீ ஒருத்திதான் இருக்கே, உன்னையும் சந்தேகப்பட்டா நான் எங்க போவேன். மாமாவுக்கு உடம்பு தேவலையா?

லோகா பாவாடையைக் கட்டிக்கிட்டு அவுக்கவே மாட்டேங்கறா. அளவு அச்சா இருக்கு. கரை மட்டும் ஒரு பக்கம் கெட்டியா, கனமா இருக்கு, சுத்தினா ஒரு பக்கமா இழுக்குது. தையக்காரன் துணியை மடிச்சு வச்சுத் தைச்சிருப்பான். தீபாவளி முடிஞ்சு பிரிச்சு சரி பண்ணிக்கிறேன்.

முப்பத்தெட்டு முட்டை ஓடு சேர்ந்திருக்கு. தியோ ஆன்டியும் அவங்க வீட்டு ஓட்டைக் கழுவிக் கொண்டாந்து குடுத்தாங்க. குகன் நாலு ஐஸ்கிரீம் டப்பாவுல கலர் போட்டு வச்சு, தூங்கப் போகும்போது மூடியைத் திறந்து பார்த்துட்டுப் படுக்கறான். தட்டுல போடுடான்னா, தட்டு சின்னதும்மா, மயிலோட வாலு விழுந்துரும்ங்கறான். வாசல்ல ஒரே ஒரு தடவைன்னு நேத்து கெஞ்சினான். முடியாதுன்னு அதட்டினேன். டப்பா மூடியைத் திறந்து பார்க்காமலே படுத்துட்டான்.

எப்படியோ அக்கா, கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்தத் தீபாவளிக்குத்தான் நான் பயப்படாம விடியலைப் பார்க்கப் போறேன். யாரு எப்போ குடிச்சிட்டு வருவாங்கன்னு காது வச்சுக் கேட்டுக்கிட்டு இருக்க வேணாம்.

உங்களுக்கு எங்க தீபாவளி வாழ்த்து. இதோட இருக்கிற மயிலு குகன் குடுத்தது.

வாணி


27.10.2025

அக்காவுக்கு,

ஊர் பேரு எழுதக்கூடாதுன்னு இந்தப் பெண்கள் காப்பகத்து மேடம் சொல்லிட்டாங்க. நீ எழுதினா உறையில இருக்கிற தபால்பெட்டி நம்பருக்கு எழுது, அவங்க கொண்டாந்து குடுப்பாங்க. நாங்க மூணு பேரும் பத்திரம். லோகாவுக்கு ரெண்டு நாள் காய்ச்சல் அடிச்சு விட்டுருக்கு. உன் கால் எப்படி இருக்கு? அன்னைக்குப் பாதத்துல ரத்தம் பார்த்தேன்.

தீபாவளி அன்னைக்கு நடந்ததுல நீ பார்த்தது பாதிதான். மிச்சத்தை உன்கிட்ட சொல்லாம எனக்குத் தூக்கம் வராது.

அஞ்சு மணிக்கு எழுப்பி ரெண்டு பேருக்கும் எண்ணெய் வச்சேன். ஆரஞ்சு விளக்கு ஏத்தினேன். நெய் உருண்டையை லோகா ஒண்ணு வாயில, ஒண்ணு கையில வச்சிருந்தா. முதல்ல குகன் குளிச்சான். லோகாவைக் குளிப்பாட்டி, பாவாடையைக் கட்டி விட்டுத் திரும்பிப் பார்த்தா கதவு திறந்து கிடக்கு. வெளிய வராந்தாவுல புது ஜிப்பாவோட குந்தி உக்காந்து குகன் மயிலு போட்டு முடிச்சிருந்தான். கதவு அகலத்துக்கு மயிலு. நீலமும் பச்சையும் மஞ்சளும், காலுல ரெண்டு சிவப்புச் சப்பாத்து. அவ்வளவு அழகா இருந்துச்சுக்கா. என்னைப் பார்த்து, "அம்மா, தீபாவளிக்கு வழி தெரிஞ்சிருச்சு"ன்னு சிரிச்சான்.

நான் அவனை அறைஞ்சேன்.

என் கையாலக்கா. ஓங்கி. அவன் அழலே. ரெண்டு கையையும் மூஞ்சிக்கு முன்னால தூக்கிப் பிடிச்சுக்கிட்டான், அம்பாங் வீட்டுல எப்படிப் பிடிச்சுக்குவானோ அதே மாதிரி. எந்தக் கைக்குப் பயந்து அவனைத் தூக்கிட்டு வந்தேனோ அந்தக் கையாவே என் கை ஆயிருச்சு. பிச்சி மாதிரி விளக்கமாத்தை எடுத்து மயிலைக் கூட்டினேன். தலை போச்சு, தோகை போச்சு. காலுக்கு வந்தப்ப லோகா மேசைக்கு அடியில வீல்னு கத்தினா. விளக்கமாத்தைப் போட்டுட்டு உள்ள ஓடிட்டேன்.

பத்து நிமிஷம் இருக்கும், நீ வந்து நிக்கறே. செருப்பு இல்லே, மூச்சு இல்லே. என் வீடு எதுன்னு நான் உன்கிட்ட சொல்லவே இல்லையே. ஒரு வார்த்தை பேசாம லோகா பாவாடையை உருவி வராந்தாவுல விசிறி அடிச்சே. உனக்குப் பைத்தியமான்னு கத்தினேன். பிள்ளையை மாமா துண்டுல சுத்தி வேன்ல ஏத்தினே. பூக்கூடைக்கு நடுவுல உக்காந்து எத்தனை தடவை கேட்டேன், என்னக்கா, ஏன்க்கான்னு. பிள்ளைங்களைக் காட்டிக் காட்டி வாயைப் பொத்தினே. போலீஸ் ஸ்டேஷன்ல விட்டே, இந்தக் காப்பகத்துக்காரங்க வந்து கூட்டிட்டு வந்துட்டாங்க.

எப்படி வீட்டைக் கண்டுபிடிச்சே? அவரு வர்றது உனக்கு எப்படித் தெரியும்? பாவாடையை ஏன் அவுத்தே?

குகன் என்கிட்ட பேசறான், சாப்பிடறான். படம் வரையறதில்லே.

வாணி


பிரிக்பீல்ட்ஸ்
16.11.2025

வாணிக்கு,

உன் கடுதாசி வந்து மூணு வாரத்துக்குக் கிட்ட ஆகுது. நாலு தடவை எழுதி நாலு தடவை கிழிச்சேன். உங்க உடம்பு எப்படின்னு கேக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லே. லோகாவுக்கு மறுபடி காய்ச்சல் வரலையே?

பாவாடையும் ஜிப்பாவும் நான் எடுத்தது இல்லே. ஜெயராஜ் எடுத்தது.

ஆகஸ்டு மாசத்துலேர்ந்து வாரத்துக்கு ரெண்டு தடவை கடைக்கு வந்தான். குடிக்காம வந்தான். வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்து எனக்குப் பூ ஆய்ஞ்சு குடுத்தான். "அக்கா, வாணி எங்கன்னு நான் கேக்கவே மாட்டேன், பிள்ளைங்க சாப்பிட்டாங்களான்னு மட்டும் சொல்லுங்க"ன்னு அழுவான். நான் ஒரு நாள் தலையை ஆட்டிட்டேன். தலையை ஆட்டினா எனக்குத் தெரியும்னுதானே அர்த்தம். நீ சொன்னே, என் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்னு. அதேதான் ஆச்சு.

செப்டம்பர் கடைசியில துணியைக் கொண்டாந்து மடியில வச்சான். தீபாவளிக்கு அப்பன் எடுத்த புதுத்துணியை வேணாம்னு திருப்பி அனுப்பினா பிள்ளைங்களுக்கு ஆகாதுன்னு என் புத்திக்குத் தோணுச்சு. உன்கிட்ட சொன்னா நீ தொட மாட்டே. அதனால நான் எடுத்ததுன்னு எழுதினேன். ஒரு நாள் எல்லாரும் ஒண்ணா நின்னு சாமி கும்பிடுவீங்கன்னு எனக்கு ஒரு கிறுக்கு ஆசை. என் கையாலதான் மஞ்சள் வச்சேன் வாணி. பாவாடைக் கரை கெட்டியா இருந்தது என் விரலுக்கும் தெரிஞ்சுச்சு. தையல்னு விட்டுட்டேன்.

தீபாவளி விடியக்காலை அஞ்சு மணிக்குக் கடையில கூட்டம். வந்தான். புதுச்சட்டை, வாயில சாராய வாடை. வாணிக்குன்னு ரெண்டு முழம் மல்லி கேட்டான். போனைத் திருப்பிக் காட்டினான். கிள்ளான் வரைபடம், அதுல ஒரு பிளாக் பேரு மேல ஒரு புள்ளி. "நீங்க அனுப்பின பாவாடைதான்க்கா வழி காட்டுச்சு. கரைக்குள்ள, போனுக்குப் புள்ளி அனுப்பற ஒரு சின்ன வில்லை. பத்து நாளா ராத்திரி ஆனா புள்ளி இங்கதான் நிக்குது. எல்லாரும் எண்ணெய் தேய்ச்சு வீட்டுல இருக்கிற நேரமா பார்த்துத்தான் போறேன். போற வழியில பூச்சோங்ல தம்பிங்களை ஏத்திக்கணும்"னு சிரிச்சான். அந்த மல்லியை நான் என் கையால அளந்து குடுத்தேன் வாணி. அவன் கார் திரும்பினதும் கடையை அப்படியே போட்டுட்டு நானும் மாமாவும் வேனை எடுத்துட்டோம்.

புள்ளி பிளாக்கைத்தான் காட்டுச்சு, கதவைக் காட்டலே. டோபிக் கடை பூட்டிக் கிடக்கு. மாமா வேனுலயே ஸ்டேஷனுக்குச் சொல்லிட்டு வரப் போனாரு, நான் மாடி ஏறினேன். லிஃப்ட் வேலை செய்யலே. ஒவ்வொரு மாடியும் ஒரே மாதிரி கதவு. நாலாவது மாடியில செருப்பு வாரு அறுந்துச்சு, வீசிட்டு ஓடினேன். உன் பேரைச் சொல்லிக் கத்தவும் பயம், அவன் கீழ வந்துட்டானோன்னு. ஆறாவது மாடியில ரெண்டு வீட்டுல கோலம் இருந்துச்சு, தட்டினா யாரோ எவரோ. ஒன்பதாவது மாடியில ஒரு வாசல்ல கோலமே இல்லே, கூட்டித் தள்ளின கலர்ப்பொடி மட்டும். கிட்ட போய்ப் பார்த்தா சிவப்புல ரெண்டு சப்பாத்து. லேஸ் கட்டியிருக்கு.

உலகத்துல வேற எந்தப் பிள்ளை போடும் அதை?

நாம வேன் ஏறின இருபது நிமிஷத்துல அவன் வந்து கதவு கதவாத் தட்டினானாம், பாவாடையை வராந்தாவுலேர்ந்து எடுத்து வச்சுக்கிட்டு. அப்புறம்தான் போலீஸ் வந்து பிடிச்சிருக்கு. கேஸ் நடக்குது. நான் சாட்சி சொல்லுவேன், எவன் மிரட்டினாலும் சொல்லுவேன்.

குகன் மேல கை வச்சதுக்கு நீ உன்னை அடிச்சுக்கிட்டு அழாதே. பாவம் பண்ணினவ நான். அவன் மயிலு இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன்னு யோசிக்கவே முடியலே. என்னைத் திட்டி எழுது. எழுதாம மட்டும் இருந்துராதே.

சீதா


பிரிக்பீல்ட்ஸ்
9.12.2025

வாணிக்கு,

நீ சுகமா? ஒரு வரி போதும். "இருக்கோம்"னு எழுதினா போதும்.

தபால்காரன் வர்ற நேரத்துக்கு நான் ஊசியைக் கீழ வச்சுடறேன். மாமா, அவ எழுதுவா எழுதுவான்னு சொல்லிட்டு இருந்தாரு, இப்போ அவரும் சொல்றதில்லே. ஜனவரியில குகன் ஒண்ணாம் வகுப்பு போகணுமே, பள்ளிக்கூடம் கிடைச்சுதா? பள்ளிச் சப்பாத்து வாங்கி அனுப்பலாம்னு கடை வரைக்கும் போனேன். கையில எடுத்தேன். நான் அனுப்பற பொருளை நீ வீட்டுக்குள்ள எடுப்பியான்னு தோணுச்சு. வச்சுட்டு வந்துட்டேன்.

அக்கா


20.1.2026

அக்காவுக்கு,

நாங்க மூணு பேரும் சுகம். மாமாவுக்கு சர்க்கரை எப்படி? நீ மாலை கட்டும்போது நாற்காலி போட்டு உக்காரு, தரையில உக்காராதே.

உன் கடுதாசி ரெண்டும் தலைகாணிக்கு அடியிலதான் இருந்துச்சு. பதில் எழுத உக்காந்து உக்காந்து எழுந்துட்டேன். அவரு பண்ணினதுகூட எனக்குப் பழகிப்போனது. நீ என்கிட்ட பொய் சொன்னதைத்தான் தாங்க முடியலே. மன்னிச்சிட்டேன்னு எழுத இன்னும் எனக்கு வரலேக்கா. வராததை எழுதி என்ன பிரயோஜனம். நாங்க எங்க இருக்கோம்னும் எழுத மாட்டேன். அது எப்போ எழுதுவேன்னும் தெரியாது. கேஸ் முடியட்டும்.

போன வாரம் ஒரு சின்ன வீட்டுக்கு மாறினோம். குகன் ஒண்ணாம் வகுப்பு போறான். கறுப்புச் சப்பாத்து, காப்பகத்து மேடம் வாங்கிக் குடுத்தாங்க. முதல் நாள் அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே தூங்கினான்.

மூணு மாசம் அவன் ஒரு கோடு கிழிக்கலே. பொங்கலுக்கு முந்தின நாள் அவன் முன்னால உக்காந்து, அம்மா உன்னை அறைஞ்சது தப்புடா, உன் கோலத்தாலதான் நாம தப்பிச்சோம்னு சொன்னேன். அப்புறம் காப்பகத்துக்கு வந்ததுலேர்ந்து சேர்த்து வச்ச முட்டை ஓட்டை எடுத்து அவன் பக்கத்துல வச்சேன்.

பொங்கல் காலையில மின்சார அடுப்புல பால் பொங்கிக்கிட்டு இருந்துச்சு. லோகா தட்டைத் தட்டி, "பொங்கலோ பொங்கல்"னு கத்தினா. அவளே சத்தம் போட்டா அக்கா! திரும்பிப் பார்த்தா வீட்டுக்கு உள்ள, கூடத்து நடுவுல, குகன் மயிலு போட்டிருக்கான். பெருசு. தோகை சோபாவுக்கு அடியில போகுது. காலைப் பார்த்தேன், வெறுங்கால்.

"சப்பாத்து எங்கடா?"ன்னேன்.

கதவு ஓரத்தைக் காட்டினான். அங்க ரெண்டு சப்பாத்தைத் தனியா, ஜோடியா வரைஞ்சு வச்சிருந்தான். "மயிலு வீட்டுக்கு வந்துருச்சும்மா. உள்ளுக்கு வந்தா கழட்டணும்லா"ன்னான்.

அதுக்குப் பக்கத்துலயே இன்னொரு ஜோடி. பெருசு, வாரு வச்ச செருப்பு. அது யாருதுன்னு கேட்டேன்.

"பெரியம்மாவோடது. அன்னைக்கு வெறுங்காலோட வந்தாங்கல்ல. திரும்பி வரும்போது போட்டுக்கட்டும்."

அதை நான் இன்னும் கூட்டலேக்கா. தாண்டித் தாண்டித்தான் நடக்கறோம்.

வாணி